வயிறு சொன்னதும் ரத்தம் சொன்னதும்

ஆய்வகப் பணியாளர் அந்தச் சோதனைக்குழாயை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது, என்னுடையதோடு வேறு யாருடைய குழாயோ மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அடியில் சிவப்பணுக்கள் படிந்திருந்தன. மேலே இளமஞ்சளாக, தெளிவாக நிற்க வேண்டிய நீர்ப்பகுதி, தண்ணீர் கலந்த பாலைப் போல வெளுத்து நின்றது. குழாய்க்குப் பின்னால் தன் விரலை வைத்தார். விரல் தெரியவில்லை. "என்ன சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள், சார்?" என்று கேட்டார்.

அலுவலக விருந்து முடிந்து நேராக அங்கே போயிருந்தேன். தைராய்டு அளவு பார்க்கத்தான் போனது. அதற்கு வெறும் வயிறு வேண்டியதில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வெண்ணெய், பாலேடு, பொரித்தது, அதன் மேல் இனிப்பு என்று ஒரு சுற்று முடித்து, நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு கொடுத்த ரத்தம் அது. ஆர்வத்தில், ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடையும் பார்க்கச் சொன்னேன். 412. வெறும் வயிற்றில் 150 மில்லிகிராமுக்கு மேலிருந்தாலும், சாப்பிட்ட பின் 175-க்கு மேலிருந்தாலும் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு. மறுவாரம் வெறும் வயிற்றில் எடுத்தபோது 188. ஆக, பட்டினியில் கொஞ்சம் அதிகம், விருந்துக்குப் பின் மிக அதிகம்.

எனக்கு அன்றுவரை கொழுப்புச் சாப்பாடு என்றால் வயிற்று மந்தம், ஏப்பம், கண் சொக்குவது, இவ்வளவுதான். அது ரத்தத்தில் மிதக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். பார்த்த பிறகு படிக்காமல் இருக்க முடியவில்லை.

சாப்பிட்ட கொழுப்பு சிறுகுடலுக்கு வந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைப் பீய்ச்சுகிறது. சோப்பு எண்ணெயை உடைப்பதுபோல அது கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்கிறது. கணையத்திலிருந்து வரும் லைபேஸ் என்ற நொதி அந்தத் துளிகளை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகள் குடல்சுவருக்குள் போய் மறுபடியும் கொழுப்பாக ஒட்டிக்கொண்டு, கைலோமைக்ரான் என்ற உருண்டைகளாகக் கட்டப்படுகின்றன. இங்கேதான் எனக்கு வியப்பு. சர்க்கரையும் புரதமும் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகின்றன. இந்த உருண்டைகளோ நிணநீர்க் குழாயில் ஏறி, நெஞ்சுக்கூட்டின் வழியாக மேலே வந்து, இடது காறை எலும்புக்கு அருகில் ரத்தத்தில் கலக்கின்றன. அந்த நீரை வெளுக்க வைத்தது இவைதான். ரத்தத்தில் இவற்றின் அளவு மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சம் தொட்டு, பலருக்கு ஆறு எட்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். சிலருக்கு இறங்க மறுக்கும். நான் அந்தச் சிலரில் ஒருவன் போலிருக்கிறது.

இது வெறும் வேடிக்கை இல்லை. ரத்தக்குழாய் அடைப்பு உண்டாவதில் சாப்பிட்ட பின் வரும் இந்த மணி நேரங்களுக்குப் பங்கு உண்டு என்று டொனால்டு சில்வர்ஸ்மிட் 1979-லேயே எழுதினார். 1997-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வோகல் குழுவினர், நல்ல உடல்நிலையில் இருந்த பத்துப் பேருக்கு 50 கிராம் கொழுப்புள்ள ஒரே ஒரு வேளை உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த சில மணி நேரம் அவர்களின் கைத்தமனி விரிய வேண்டிய அளவுக்கு விரியவில்லை. அதே ஆண்டு அதே குழு இன்னொன்றும் காட்டியது. அந்த உணவுக்கு முன் ஒரு கிராம் வைட்டமின் சி-யும் 800 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்தால் அந்தச் சுணக்கம் வரவில்லை.

இந்தக் கடைசி வரிதான் என்னைக் கெடுத்தது. வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய ஏதோ ஒன்று, விருந்தின் விளைவை அழித்துவிடுகிறது! அப்படியென்றால் விருந்தைக் குறைக்க வேண்டியதில்லை அல்லவா? அந்த ஆய்வு அளந்தது தமனி விரிவதை. என் குழாயில் நின்றது கொழுப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பது அப்போது உறைக்கவில்லை.

முதலில் பிடித்தது இஞ்சி. இஞ்சிப்பொடி மாத்திரை, சாப்பாட்டுக்கு முன் ஒரு கிராமுக்குச் சற்று மேல். நன்றாகவே வேலை செய்தது. ஏப்பம் குறைந்தது, வயிற்றில் கல்லைக் கட்டியதுபோன்ற உணர்வு போனது. இரண்டு வாரம் எல்லோரிடமும் இஞ்சியின் பெருமையைப் பேசிக்கொண்டு திரிந்தேன். என் அக்கா மருந்தாளுநர். அவரிடமும் பேசினேன்.

"வயிறு லேசானது சரி. வயிற்றில் இருந்தது எங்கே போனது?" என்றார்.

"ஜீரணமாகிவிட்டது."

"அதாவது குடலுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்துக்குப் போய்விட்டது. நீ ரத்தத்தைத்தானே சரிசெய்யப் புறப்பட்டாய்?"

அவர் சொன்னதைச் சரிபார்த்தேன். இஞ்சி இரைப்பை காலியாவதை வேகப்படுத்தும் என்பதை நல்ல உடல்நிலையில் உள்ளவர்களிடம் அளந்தே காட்டியிருக்கிறார்கள். மந்தம் குறைவது அதனால்தான். ஆனால் இரைப்பை சீக்கிரம் காலியானால் கொழுப்பு குறையாது. சீக்கிரம் இடம் மாறும், அவ்வளவே. வயிற்றில் தெரிகிற பாரம் வேறு, ரத்தத்தில் மிதக்கிற கொழுப்பு வேறு. முன்னதற்கு உதவுகிற பொருளைச் சாப்பிட்டுவிட்டுப் பின்னது சரியாகிவிட்டதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். கொழுப்புச் சாப்பாட்டுக்கு எது நல்லது என்று யார் சொன்னாலும் இப்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: வயிற்றுக்கா, ரத்தத்துக்கா? புதினா எண்ணெய் மாத்திரையையும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். அது குடல் இறுக்கத்தைத் தளர்த்தும். கூடவே உணவுக்குழாயின் அடிவாயிலையும் தளர்த்தும். நெஞ்செரிச்சல் உள்ளவன் கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை விழுங்கினால் இரவு முழுவதும் உட்கார்ந்துதான் தூங்க வேண்டும். நான் உட்கார்ந்து தூங்கினேன்.

அதன்பின் பச்சைத் தேயிலைச் சாரம். இதற்குக் காரணம் பலமாகவே இருந்தது. தேயிலையில் உள்ள கேட்டச்சின்கள், குறிப்பாக ஈ.ஜி.சி.ஜி. என்று சுருக்கிச் சொல்லப்படுவது, சோதனைக்குழாயில் லைபேஸ் நொதியைத் தடுக்கிறது. கொழுப்பை வெட்டுகிற கத்தியே மழுங்கிப்போனால் கொழுப்பு உள்ளே நுழையாது என்பது கணக்கு. ஜப்பானில், டிரைகிளிசரைடு சற்று அதிகமாக இருந்த ஆண்களிடம், கேட்டச்சின் மிகுந்த பானம் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தைக் குறைத்ததாக ஆய்வும் வந்திருக்கிறது. அந்த ஆய்வில் பானத்தைச் சாப்பாட்டோடு கொடுத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு, இரண்டு மாத்திரை. மருந்து என்றால் வெறும் வயிற்றில் போட்டால்தான் பிடிக்கும் என்று எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட நம்பிக்கை. கூடவே மஞ்சள் சாரம், மிளகுச் சாரம் சேர்த்தது, அதுவும் இரண்டு.

மூன்று மாதம். உடம்பு உற்சாகமாகத்தான் இருந்தது. பின்பு ஒரு மாதிரியான அசதி, மாலையில் பசியின்மை. வேலைப்பளு என்று விட்டுவிட்டேன். வழக்கமான பரிசோதனையில் வெறும் வயிற்று டிரைகிளிசரைடு 171, அதைப் பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டேன். அடுத்த வரியில் கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. 132. வழக்கமாக 40-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. மருத்துவர் மது, மஞ்சள் காமாலை, வலி மாத்திரை என்று எல்லாம் கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். சாரங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் கேட்டது மருந்துகளைப் பற்றி. இவை என் மனதில் உணவு.

அக்காதான் மாத்திரைப் புட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புட்டியைத் திருப்பி, முதுகுப்புறத்துச் சிற்றெழுத்தைக் கண்ணுக்கருகில் வைத்துப் படித்தார். முன்பக்கம் பெரிதாக '1000 மி.கி.' என்றிருந்தது. நான் படித்தது அதை மட்டும்தான். பின்பக்கம் 'ஈ.ஜி.சி.ஜி. 45 சதவீதம்' என்றிருந்தது. பேனாவை எடுத்துப் புட்டியின் மேலேயே எழுதினார்: 450, அதன் கீழே இரண்டால் பெருக்கி 900. வட்டம் போட்டார்.

"ஒரு நாளைக்கு 800-ஐத் தாண்டினால் கல்லீரல் நொதி ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லிவிட்டது. அதை வெறும் வயிற்றில் வேறு போட்டிருக்கிறாய்."

வெறும் வயிற்றில் போடுவதால் என்ன நடக்கிறது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சாப்பாடு இல்லாத குடலிலிருந்து ஈ.ஜி.சி.ஜி. பல மடங்கு அதிகமாக ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகிறது. லைபேஸைத் தடுக்க வேண்டுமானால் அது இருக்க வேண்டிய இடம் குடல், கொழுப்பு வந்து சேரும் அதே நேரத்தில். நானோ கொழுப்பே இல்லாத நேரத்தில் அனுப்பி, வேலை செய்ய வேண்டிய இடத்தில் நிற்கவிடாமல், வேண்டாத இடத்துக்கு ஏற்றிவிட்டிருக்கிறேன். விருந்தாளி வருவதற்கு ஆறு மணி நேரம் முன்பே காவலாளியை வாசலில் நிறுத்தி, அவன் சலித்துப்போய் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தை உடைத்த கதை.

மஞ்சளும் தப்பவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின், சும்மா சாப்பிட்டால் ரத்தத்தில் அவ்வளவாக ஏறாது. பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமலே வெளியேறிவிடும். அதோடு மிளகின் பைப்பரைனைச் சேர்த்தால் இருபது மடங்கு ஏறுகிறது என்று 1998-ல் வந்த ஆய்வை விளம்பரங்கள் இன்றும் கொண்டாடுகின்றன. எதனால் ஏறுகிறது? அந்நியப் பொருளைக் கழுவி வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைப் பைப்பரைன் மந்தமாக்குவதால். அந்த நொதிகள் குர்குமினுக்காக மட்டும் இருப்பவை அல்ல. வலிப்பு, ஆஸ்துமா, ரத்த அழுத்தம் இவற்றுக்கான சில மருந்துகளின் அளவும் இதனால் ரத்தத்தில் கூடும். மிளகு சேர்த்த மஞ்சள் சாரத்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களின் விவரங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. சமையலில் போடும் ஒரு சிட்டிகை மஞ்சளையும் மிளகையும் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். நான் விழுங்கியது சிட்டிகை இல்லை.

எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஏழு வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. 36. எந்தச் சாரம் குற்றவாளி, இரண்டும் கூட்டாளிகளா என்பதை உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஒரே நேரத்தில் இரண்டைத் தொடங்கியவனுக்கு அந்தப் பதில் கிடைக்காது. கண்டுபிடிப்பதற்காக மறுபடி ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. இரண்டாவது முறை கல்லீரல் முதல் முறையைவிட வேகமாகவும் கடுமையாகவும் பழுதாகலாம். சிறுநீர் கருத்துப் போனாலோ, உடம்பு அரித்தாலோ, காரணமில்லாத அசதி வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு, புட்டியையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றார். எனக்கு இரண்டு வாரம் அசதி இருந்தது. வேலைப்பளு என்றேனே, அதுதான்.

அக்கா இன்னொன்றும் சொன்னார். அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். கொழுப்பு உள்ளே நுழைவதை மெய்யாகவே தடுக்கிற மருந்து ஒன்று உண்டு, ஆர்லிஸ்டாட். லைபேஸைப் பிடித்து நிறுத்தி, சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை உள்ளே விடாது. "அதைச் சாப்பிடுகிறவர்களைக் கேள். கொழுப்பு எங்கே போகிறது என்று கழிப்பறையே சொல்லும். எண்ணெய் மிதக்கும், உடையில் கறை படும். உன் தேயிலை மாத்திரை அந்த அளவுக்கு வேலை செய்திருந்தால் உனக்குத் தெரியாமல் போயிருக்குமா?" எனக்கு ஒரு சொட்டு எண்ணெயும் வெளியே வந்ததில்லை. உள்ளே போன கொழுப்பு ஒன்று உடம்புக்குள் ஏற வேண்டும், இல்லை வெளியே வர வேண்டும்; மூன்றாவது வழி கிடையாது. கொழுப்பை உறிஞ்சும், கரைக்கும், கட்டும் என்று எழுதியிருக்கும் எந்தப் புட்டியையும் இந்த ஒரு கேள்வியால் மடக்கிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லை. சாரம் வேண்டாம், உணவாகவே சாப்பிடும் தாவரங்கள் ஏதாவது செய்கின்றனவா? 2011-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. மிளகு, லவங்கப்பட்டை, கிராம்பு, பூண்டுப்பொடி, இஞ்சி, மஞ்சள், பாப்ரிகா, ரோஸ்மேரி, ஆரிகானோ கலந்த 14 கிராம் மசாலாவைக் கொழுப்பு மிகுந்த உணவில் சேர்த்தார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய டிரைகிளிசரைடு ஏற்றம் மசாலா இல்லாத நாளைவிட 31 சதவீதம் குறைந்தது; இன்சுலின் 21 சதவீதம். பங்கெடுத்தவர்கள் எடை கூடிய ஆறே ஆண்கள்.

நான் ஏழாவது ஆளானேன். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். கணைய அழற்சி வந்தவர்களும், பித்தப்பையில் கல் உள்ளவர்களும், டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டியவர்களும் இந்த விளையாட்டுக்கு வரக்கூடாது என்று அவர் கறாராகச் சொன்னார். 150 மில்லி கெட்டிப் பாலேடு, இரண்டு துண்டு ரொட்டி. கொழுப்பு ஏறக்குறைய 50 கிராம். சமையலறைத் தராசில் மசாலாவை நிறுத்துப் பார்த்தேன். 14 கிராம் என்பது மேசைக்கரண்டியால் இரண்டு. பாலேட்டில் அதைக் கொட்டிக் கலக்கியபோது கிடைத்தது செங்கல் நிறத்தில் ஒரு குழம்பு. கரண்டியைச் செருகினால் நின்றது. முதல் வாயிலேயே கிராம்பு நாக்கை மரத்துப்போக வைத்துவிட்டது. சாப்பிட்டு முடிக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. நான்கு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தேன்.

மசாலா இல்லாத நாள் 318. மசாலா சேர்த்த நாள் 284. பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு! அக்காவுக்குப் போன் செய்தேன். "மசாலா இல்லாமல் இன்னொரு முறை எடு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எடுத்தேன். 262.

மசாலாவே இல்லாமல், மசாலா சேர்த்த நாளைவிடக் குறைவு. டிரைகிளிசரைடு ஒரே ஆளிடமே நாளுக்கு நாள் சுமார் 20 சதவீதம் ஏறி இறங்கக்கூடியது. முந்தைய இரவு என்ன சாப்பிட்டோம், இனிப்பு எவ்வளவு, மது உண்டா, நடந்தோமா, எல்லாம் கணக்கில் வரும். நேற்றுச் சாப்பிட்ட கொழுப்பில் கொஞ்சம் குடல் சுவரிலேயே தங்கியிருந்து, அடுத்த வேளை சாப்பிட்டதும் வெளியே வரும் என்பதுகூட அளந்து காட்டப்பட்ட விஷயம். அப்படியிருக்க, ஒரு முறை எடுத்து 34 புள்ளி குறைந்ததைக் கண்டு நான் கூவியது அபத்தம். 188-லிருந்து 171-க்கு வந்ததற்குக் கையைத் தட்டிக்கொண்டதும் அதே அபத்தம்தான். கல்லீரலைக் கொடுத்து வாங்கிய அந்த 17 புள்ளி, வெறும் தினசரி ஆட்டமாகவே இருந்திருக்கலாம். சொந்த உடம்பில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் குறைந்தது இரண்டு முறை சேர்த்தும், இரண்டு முறை சேர்க்காமலும் எடுங்கள். முந்தைய நாள் இரவு உணவையும் நடையையும் நான்கு முறையும் ஒன்றாகவே வையுங்கள். இல்லையென்றால் சோதிக்காதீர்கள், பாலேடாவது மிஞ்சும்.

நான்காவதாக ஒன்று எடுத்தேன். மசாலா இல்லை, சாரம் இல்லை. முந்தைய நாள் மாலை தொண்ணூறு நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, மறுநாள் காலை அதே பாலேடு, அதே ரொட்டி. 223. இதுவும் ஒரே ஒரு எண்தான், என் கணக்கிலேயே இதற்கு மதிப்பு கிடையாது. ஆனால் இதற்குப் பின்னால் ஆறு பேர் ஆய்வு இல்லை. பல ஆண்டுகளாகப் பல குழுக்கள் செய்துபார்த்து, பெரும்பாலும் ஒரே திசையைக் காட்டிய முடிவு இருக்கிறது. முந்தைய நாள் நடை, மறுநாள் விருந்தின் ஏற்றத்தை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கும். தசைகளின் ரத்த நுண்குழாய்ச் சுவரில் கொழுப்பு உருண்டைகளைப் பிரித்தெடுக்கும் நொதி நடைக்குப் பின் கூடுவதும், கல்லீரல் தன் பங்குக்கு ரத்தத்தில் விடும் கொழுப்பு குறைவதும் காரணம். இரண்டு மூன்று நாள் நடக்காவிட்டால் அந்தப் பலன் கரைந்துவிடும். ஆகவே விருந்து நாளைக்கு என்றால் நடக்க வேண்டியது இன்று. விருந்துக்குப் பின் நடப்பதும் நல்லதுதான், ஆனால் அப்போது யாருக்கு எழுந்திருக்க முடிகிறது?

பித்தப்பைக் கல்லைப் பற்றிச் சொன்னேன். அதைச் சும்மா தாண்டிப் போக மனம் வரவில்லை. 20 மில்லிகிராம் குர்குமினே பித்தப்பையைச் சுருங்க வைப்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். ஆர்ட்டிசோக் என்ற செடியின் இலைச் சாரம் பித்தநீரைக் கூட்டும். கல் இல்லாதவருக்கு இது ஜீரணத்துக்கு உதவலாம். கல் உள்ளவருக்கு, சுருங்குகிற பை கல்லைக் குழாய்க்குள் தள்ளிவிடும் அபாயம் இருக்கிறது. என் உடன் வேலை செய்பவர் ஒருவர், கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவின் கீழ் வரும் வலியை வாயுத் தொல்லை என்று எண்ணி, பித்தநீர் பெருக்கும் மூலிகை மாத்திரையைச் சாப்பிட்டார். அன்றிரவே வலி தாங்காமல் அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். மாத்திரைதான் காரணமா, அன்றைய சாப்பாடா என்பதை யாரும் பிரித்துச் சொல்லவில்லை. கல்லைப் பிரித்து எடுத்தார்கள். விலாவின் கீழ் வலிக்கிறதென்றால் சாரம் வாங்குவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

இப்போது என் வழக்கம் இதுதான். பச்சைத் தேயிலை குடிக்கிறேன், சாப்பாட்டோடு, சர்க்கரையில்லாமல், கோப்பையில். அதன் கசப்பு பிடித்துப்போய்விட்டது என்பதைத் தவிர வேறு நியாயம் சொல்லப் போவதில்லை. ஓட்ஸ், பருப்பு, காய் என்று நார்ச்சத்துள்ளவற்றை முதலில் சாப்பிட்டுவிடுகிறேன். அதன் பிறகு வெண்ணெய்க்கு வயிற்றில் இடம் குறைந்துவிடுகிறது, நார்ச்சத்தின் மற்ற மகிமைகளெல்லாம் அதற்குப் பிறகுதான். மருத்துவர் மருந்துப் பட்டியல் கேட்டால் இஞ்சி மாத்திரை உட்பட எல்லாவற்றையும் ஒப்பிக்கிறேன். கொழுப்புக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளில் சிலவற்றோடு பம்ப்ளிமாஸ் இனத்துக் கிரேப்ஃப்ரூட் சாறு சேர்ந்தாலே மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும் என்கிறபோது, பழம்தானே, இலைதானே என்று நாமாக முடிவு செய்ய இடமில்லை.

சென்ற மாதம் இன்னொரு அலுவலக விருந்து. முந்தைய நாள் நடந்திருந்தேன், பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன், நான்கு மணி நேரம் கழித்து அதே ஆய்வகத்துக்குப் போனேன். அதே பணியாளர். குழாயைச் சுழற்றி எடுத்து, விளக்கில் தூக்கி, பின்னால் விரலை வைத்தார். விரல் தெரிந்தது, கொஞ்சம் மங்கலாக.

"இன்று என்ன சாப்பிட்டீர்கள், சார்?"

"அதேதான். பாதி."

புட்டி இன்னும் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது, 900-ஐச் சுற்றிய வட்டத்தோடு. மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்குப் பின்பக்கத்தைப் படித்துக் காட்டுவதற்காக வைத்திருக்கிறாராம்.